கஸ்டடி கேஸுக்கு வக்கீல் தேடுறீங்களா? ஃபீஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க

ஐடி ரிட்டர்ன் ஃபைல் பண்ண வந்த ஒருத்தர், ஃபார்ம் 16-ஐக் கொடுத்துட்டே கேட்டார்: "சார், வக்கீல் ஃபீஸைச் சம்பளத்துல கழிக்க முடியுமா?" முடியாது. விவாகரத்துச் செலவுக்கு அப்படி ஒரு கழிவு கிடையாது.

ஆனா அவர் பிரச்சினை வரி இல்லை. மொத்த கேஸுக்கும் ஒரு தொகை பேசி, பாதிக்கு மேல கொடுத்துட்டார். ஆறு வயசு மகளைப் பார்த்து நாலு மாசம் ஆச்சு. குழந்தையைப் பார்க்க மனுவே போடலை. கேட்டா, "அது தனி மனு, தனி ஃபீஸ்"னு பதில்.

இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. விவாகரத்து மனு போட்டாலே குழந்தை விஷயமும் அதுல வந்துடும்னு நினைக்காதீங்க. இந்து திருமணச் சட்டம் 26-வது பிரிவுல, கேஸ் நடக்கும்போதே குழந்தை யார்கிட்ட இருக்கணும், இன்னொருத்தர் எப்போ பார்க்கலாம்னு இடைக்கால உத்தரவு கேட்கலாம். கேட்டாத்தான் கிடைக்கும். தள்ளிப்போடப் போட, குழந்தை ஒரு வீட்டுல, ஒரு ஸ்கூல்ல பழகிடும். கோர்ட் பார்க்கிறது குழந்தையோட நலனைத்தான். நல்லா பழகின இடத்திலிருந்து மாத்த எந்த நீதிபதியும் யோசிப்பார்.

அதனால முதல் சந்திப்பிலேயே கேளுங்க: இடைக்கால மனு எப்போ போடுவீங்க? பேசின ஃபீஸ்ல அது அடக்கமா? வாய்தாவுக்கு நீங்க வருவீங்களா, ஜூனியரா?

விவாகரத்து கேஸ் இல்லாம கஸ்டடிக்கு மட்டும் போறீங்கன்னா, 1890-ஆம் வருஷத்து கார்டியன்ஸ் அண்டு வார்ட்ஸ் சட்டம் இருக்கு. குழந்தை வழக்கமா வசிக்கிற ஊர் கோர்ட்லதான் அந்த மனு போடணும். நீங்க சென்னையில, குழந்தை மதுரையிலன்னா, மதுரை ஃபேமிலி கோர்ட்ல பழக்கமுள்ள வக்கீலைத் தேடுங்க. வீட்டுப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் நல்லவரா இருக்கலாம், ஆனா இது வேற வேலை. வக்கீல்கள் விளம்பரம் பண்ணக் கூடாதுங்கிறது பார் கவுன்சில் விதி. அதனால சமீபத்துல கஸ்டடி கேஸ் முடிச்ச தெரிஞ்சவங்ககிட்ட விசாரிக்கிறதுதான் நல்ல வழி.

"குழந்தையை கண்டிப்பா வாங்கித் தர்றேன்"னு சொன்னா எழுந்து வந்துடுங்க. அஞ்சு வயசு முடியாத குழந்தை சாதாரணமா அம்மாகிட்டன்னு 1956 சட்டமே சொல்லுது. அதை ஒரு அப்பாகிட்ட முகத்துக்கு நேரா சொல்றவர் நம்பகமான வக்கீல். "ஜெயிச்சா இவ்வளவு"ன்னு ஃபீஸ் பேசுறதும் பார் கவுன்சில் விதிப்படி தப்பு.

ஃபீஸை மொத்தமா கொடுக்காதீங்க. மனு, இடைக்கால உத்தரவு, சாட்சி விசாரணைன்னு கட்டம் கட்டமா, பேங்க் மூலமா கொடுத்து ரசீது வாங்குங்க. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்கு கூப்பிடுங்க. வேலைக்குப் போற பெண்கள் பலருக்கு இது தெரியாது.

இனி என் ஏரியா. ஜீவனாம்சம், குழந்தைச் செலவு கேட்டு மனு வந்தா, ரெண்டு பேரும் வருமானம், சொத்து, கடன் எல்லாத்தையும் அஃபிடவிட்ல காட்டணும். 2020-ல ராஜ்னேஷ் - நேஹா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது இது. "சம்பளத்தைக் குறைச்சுக் காட்டிடலாம்"னு எந்த வக்கீல் சொன்னாலும் கேட்காதீங்க. ஃபார்ம் 16, ஏஐஎஸ், பிஎஃப் பாஸ்புக் மூணும் உண்மையைச் சொல்லிடும். பொய்னு தெரிஞ்சா, குழந்தை விஷயத்துல நீங்க சொல்ற உண்மையையும் கோர்ட் சந்தேகமாத்தான் பார்க்கும்.

நம்ம ஆள் பழைய வக்கீல்கிட்ட என்ஓசி வாங்கி, வேற வக்கீலை வெச்சு இடைக்கால மனு போட்டார். இப்போ சனிக்கிழமைதோறும் ரெண்டு மணி நேரம் மகளைப் பார்க்கிறார்.