மோட் போடும்போது 'சான்றிதழ் பிழை'யா? ஆன்டிவைரஸில் கை வைக்காதீர்கள்!

லீவு நாள். மைன்கிராஃப்டில் புதிதாக ஒரு மோட் போட்டே தீருவது என்று பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். ஃபோர்ஜ் இன்ஸ்டாலர் பாதி தூரம் போய் நின்றுவிடுகிறது. திரையில் 'பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்டு' என்று மந்திரம் போல ஒரு வரி. வழி தேடினால், "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க ப்ரோ, எது கேட்டாலும் ஓகே கொடுங்க" என்கிறது ஏதோ ஒரு வீடியோ.

அங்கேதான் பெரியவர்கள் குறுக்கே வர வேண்டும். அதே கம்ப்யூட்டரில்தானே வீட்டின் நெட் பேங்கிங்கும் நடக்கிறது!

அந்த மந்திரத்துக்கு அர்த்தம் ரொம்பச் சாதாரணம். இன்டர்நெட்டில் ஒவ்வொரு சர்வரும் அடையாள அட்டை போல ஒரு சான்றிதழை நீட்டும். அதில் கையெழுத்துப் போட்டது யார் என்று, இன்ஸ்டாலரை ஓட்டும் ஜாவா தன்னிடம் உள்ள பட்டியலில் தேடும். பெயர் இல்லையா? கதவைச் சாத்திவிடும். வந்தவர் நல்லவராகவே இருக்கலாம். ஜாவாவின் பட்டியல் பழசாக இருந்தால் அதற்கு எப்படித் தெரியும்?

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. மோட் மென்பொருளின் தளத்தை அதே கம்ப்யூட்டரில், பிரவுசரில் திறந்து பாருங்கள். அங்கேயும் எச்சரிக்கை வந்தால், முதலில் திரையின் மூலையில் உள்ள தேதியைக் கவனியுங்கள். மதர்போர்டில் இருக்கும் பொட்டு பேட்டரி (சிஆர்2032) தீர்ந்துவிட்டால், கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பழைய வருடத்தில் கண் விழிக்கும். சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பழைய தேதியில் நிற்கும் கம்ப்யூட்டருக்கு, நேற்று வாங்கிய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை! தேதியைச் சரிசெய்தால் போதும்; அடிக்கடி பின்னால் போனால் பேட்டரியை மாற்றுங்கள். தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வருகிறதா? ஹாஸ்டல், ஹோட்டல் வைஃபையில் லாகின் பண்ணாமல் இருந்தாலும் இப்படி ஆகும். போனின் ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை முயன்று பாருங்கள்.

பிரவுசரில் பிரச்னையே இல்லை, இன்ஸ்டாலர் மட்டும் அடம்பிடிக்கிறதா? அப்படியானால் பெரும்பாலும் ஜாவாதான். 'லெட்ஸ் என்க்ரிப்ட்' என்ற அமைப்பு இலவசமாகச் சான்றிதழ் தருவதால் ஏராளமான தளங்கள் அதைத்தான் வைத்திருக்கின்றன. ஜாவா 8-இன் பட்டியலில் அதன் மூலச் சான்றிதழ் சேர்ந்தது 141-வது அப்டேட்டில், 2017-இல். அதற்கு முன்னால் எப்போதோ போட்டு மறந்த ஜாவா என்றால், அதை நீக்கிவிட்டுப் புதியதைப் போடுங்கள். ஒரு விஷயம்: 1.16.5 வரையிலான பழைய மைன்கிராஃப்டுக்கு ஜாவா 8-இன் கடைசி அப்டேட், 1.18 என்றால் ஜாவா 17, 1.20.5 என்றால் ஜாவா 21. மாற்றிப் போட்டால் வேறொரு பிழை வந்து நிற்கும்.

சில ஆன்டிவைரஸ்கள் நடுவில் புகுந்து தங்கள் சான்றிதழைக் காட்டுவதாலும் ஜாவா முறைக்கும். அப்போதும் 'ஹெச்டிடிபிஎஸ் ஸ்கேனிங்' என்ற ஒன்றை மட்டும் சிறிது நேரம் நிறுத்தி, வேலை முடிந்ததும் திரும்பப் போட்டால் போதும்.

சரி, பிழை போய்விட்டது. இனி பயமில்லையா? சான்றிதழ் சொல்வது 'இது இன்னாருடைய தளம்' என்பதை மட்டும்தான். உள்ளே இருக்கும் ஃபைலுக்கு அது பொறுப்பில்லை. 2023 ஜூனில் 'ஃப்ராக்சரைசர்' என்ற வைரஸ் பரவியது, மோட் பிரியர்கள் அன்றாடம் போகும் 'கர்ஸ்ஃபோர்ஜ்' தளத்தில் இருந்த மோட்கள் வழியாகத்தான். பிரவுசரில் சேமித்திருந்த லாகின் விவரங்களை அது திருடியது. ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு அன்றைக்கு மோட் போட்டிருந்தால்?

அதனால் பிள்ளைக்கு அட்மின் உரிமை இல்லாத தனி யூசர் கணக்கு ஒன்றைத் தொடங்கிக் கொடுங்கள். நெட் பேங்கிங் அந்தப் பக்கம் வேண்டாம். கணக்கு தொடங்க ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் புது ஜாவாவும் டவுன்லோடு ஆகியிருக்கும்.