கதையுலகும் ஆட்டக்களமும்: அண்ணன்மார் சுவாமி கதையைப் பாத்திரமேற்பு ஆட்டமாகத் தகவமைத்தல்

ஆய்வுச் சுருக்கம்

அச்சில் வெளிவந்த ஒரு கதையுலகை மேசைப் பாத்திரமேற்பு ஆட்டத்திற்கு ஏற்ப மாற்றும்போது, எதை நிலைநிறுத்துவது, எதை ஆடுவோரிடம் விடுவது என்னும் வினா எழுகிறது. கொங்கு நாட்டின் அண்ணன்மார் சுவாமி கதையைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அதற்கு விடை காண்கிறது. நிகழ்ச்சி வரிசையைக் காட்டிலும் உறவு, நிலம், கடமை ஆகியவற்றின் பிணைப்பே காக்கப்பட வேண்டியது என்பது இதன் துணிபு.

திறவுச்சொற்கள்: அண்ணன்மார் கதை, உடுக்கைப் பாட்டு, படுகளம், பாத்திரமேற்பு ஆட்டம், தகவமைப்பு

முன்னுரை

ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்று, உரையாடலாலும் பகடையாலும் கதையை வளர்த்துச் செல்வது மேசைப் பாத்திரமேற்பு ஆட்டம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் 1974-இல் உருவாக்கி வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகையைப் பரவச் செய்தது. ஆட்ட நடத்துநர் சூழலை விவரிப்பார். ஏனையோர் தத்தம் மாந்தர் செய்வதைக் கூறுவர். உறுதியற்ற செயலின் விளைவைப் பகடை முடிவு செய்யும். நிலப்படம், அரசுகள், தெய்வங்கள், பகைகள் ஆகியவற்றைத் தொகுத்துத் தரும் கதையுலக நூல்களும் பின்னர் வெளிவந்தன. 1980-இல் வந்த 'கிரேஹாக்', 1987-இல் வந்த 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' ஆகியன அவற்றுள் புகழ்பெற்றவை.

இத்தகைய நூல்களில் ஓர் இடர் உண்டு. பெருவீரர்களும் பெருநிகழ்வுகளும் நூலிலேயே முடிந்துவிட்டால் ஆடுவோர் வெறும் பார்வையாளராகிவிடுவர். நூலை முற்றும் புறக்கணித்தாலோ அக்கதையுலகைத் தேர்ந்தமைக்கே பொருளில்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியைக் கொங்கு வாய்மொழி மரபு நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறது.

பாடலும் பனுவலும்

பொன்னர், சங்கர், அவர்தம் தங்கை அருக்காணி நல்லதங்காள் ஆகியோரின் கதை கொங்குப் பகுதியில் உடுக்கைப் பாட்டாக இரவுதோறும் பாடப்படுவது. காங்கேயம் அருகேயுள்ள ஓலப்பாளையத்தில் 1965-இல் பிரெண்டா பெக் இதனை 18 இரவுகளில் ஒலிப்பதிவு செய்தார். பாடகர் நிகழ்த்தியதையும் அவரே சொல்லி எழுதுவித்ததையும் 1982-இல் வெளிவந்த தம் ஆய்வு நூலில் அவர் ஒப்பிட்டார். 1992-இல் ஆசியவியல் நிறுவனம் வழியாகத் தமிழ்ப் பாடமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தன. சக்திக்கனலின் பதிப்பு, மு. கருணாநிதியின் 'பொன்னர் சங்கர்' புதினம், 2011-இல் வந்த அதே பெயரிலான திரைப்படம், பெக்கின் முயற்சியில் உருவான 26 பகுதிகள் கொண்ட அசைபடத் தொடர் எனக் கதை பல வடிவம் கொண்டுள்ளது.

ஒரே பாடகரிடத்தும் நிகழ்த்துதலும் எழுதுவித்தலும் வேறுபடுகின்றன. கேட்போர் முன் பாடுகையில் வருணனை விரிகிறது, உரையாடல் நீள்கிறது. எனினும் அண்ணன்மார் உழவர் தலைவர் என்பதும், அவர்தம் ஆயுள் பதினாறே ஆண்டு என்பதும், தங்கையின் சொல் பலிக்கும் என்பதும் மாறுவதில்லை. ஆட்ட நடத்துநர் நிலைநிறுத்த வேண்டியவை இவ்வகைக் கூறுகளே.

தகவமைப்பின் மூன்று முடிவுகள்

முதலாவது, ஆடுவோர் யாராக இருப்பர் என்பது. அண்ணன்மார் பாத்திரத்தை ஆடுவோருக்கு அளித்தால், முடிவு தெரிந்த கதையை ஒப்பிக்க நேரும். முடிவை மாற்றினால் கதையின் உயிர் போகும். படுகளச் சடங்கு இதற்கு வழிகாட்டுகிறது. உடுக்கைப் பாட்டில் அண்ணன்மார் மடியும் கட்டம் வரும்போது, கூடியிருப்போருள் சிலர் மாண்ட வீரர் நிலையில் மயங்கி வீழ்வர், பின்னர் எழுப்பப்படுவர். பெருங்கதை மாறாதிருக்க, அதன் ஓரத்தில் நிற்பவருக்கு இடம் திறக்கிறது. ஆட்டத்திலும் குதிரைக்காரர், கம்மாளர், தங்காளின் தோழியர், காவல்வீரர் ஆகியோரை ஆடுவோர் ஏற்கலாம். அண்ணன்மார் வீழ்வர் என்பது உறுதி. அன்று யார் உடனிருந்தார், யார் தங்காளுக்குச் செய்தி கொண்டு சென்றார் என்பன ஆடுவோர் கையில் உள்ளன.

இரண்டாவது, ஆட்ட விதிகள் எதை அளக்கும் என்பது. வாள்வீச்சையும் உடல்வலிமையையும் மட்டும் அளக்கும் விதிகள் இக்கதைக்குப் பொருந்தா. வேட்டைக்குப் புறப்படும்போது பொன்னாச்சி என்னும் சிறு நாய் அழைக்கப்படாமல் விடப்படுகிறது. அந்த அவமதிப்பால் அது இடும் சாபம் படையை நோயில் ஆழ்த்துகிறது. மன்னிப்பு வேண்டி அழைத்த பின்னரே அது வந்து, கொம்பன் என்னும் காட்டுப் பன்றியை வீழ்த்தத் துணைசெய்கிறது. இக்கதையுலகில் மதிப்பும் முறையும் ஆற்றலாகச் செயற்படுகின்றன. ஆதலின் யாருக்கு என்ன கடமைப்பட்டுள்ளோம் என்பதைக் குறிக்கும் கணக்கு ஒன்று விதிகளில் இடம்பெற வேண்டும். உரியவரை மறந்தால் பகடையின் சாதகம் குறையும். முறை செய்தால் மீளும்.

மூன்றாவது, பகைவர் யார் என்பது. பொறுப்பு மிகக் கொண்ட முடிவு இதுவே. பழைய ஆட்ட நூல்கள் சில இனத்தாரைப் பிறவியிலேயே தீயோராக வகுத்தன. அவ்வழக்கத்தை இங்குக் கொணர்ந்து வேட்டுவரை அரக்கர் போல் நிறுத்துவது கதைக்கும் சமூகத்திற்கும் தீங்கு. கதையிலேயே பகை ஒரு கிளியிலிருந்து முளைக்கிறது. தங்காள் விரும்பிய கிளியைப் பிடிக்க அண்ணன்மார் வேட்டுவர் காட்டினுள் புகுகின்றனர்; அதன்பின் காட்டார் தரப்புப் பன்றி உழவர் வயலை அழிக்கிறது. காடும் கழனியும் எல்லைக்காக மோதும் வழக்கில் இரு தரப்புக்கும் முறையீடு உண்டு. வேட்டுவரும் வேளாளரும் இன்றும் கொங்கில் வாழும் சமூகத்தார். அண்ணன்மாரோ வழிபடப்படும் தெய்வங்கள். மணப்பாறை வட்டத்து வீரப்பூரில் மாசித் திருவிழா ஆண்டுதோறும் நிகழ்கிறது. எனவே வேட்டுவர் தரப்பிலும் ஆடத்தக்க மாந்தரை அமைப்பதும், தெய்வநிலை எய்தியோரைப் பகடைக்கு உட்படுத்தாமல் விடுவதும் இன்றியமையாதன.

களத்தில் பொருத்துதல்

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டக் கல்லூரிகளில் நாட்டார் வழக்காற்றியல் பயிற்றுவோர் இதனை வகுப்பறைச் செயற்பாடாகக் கொள்ள இயலும். மாணவர் ஒருவர் பதிப்பைப் படித்து மாறாக் கூறுகளைப் பட்டியலிடலாம். மற்றொருவர் தம் ஊரில் கேட்ட வடிவத்தை அதனுடன் ஒப்பிடலாம். இரண்டும் முரணும் இடத்தில் ஆட்டத்தின் சூழலை அமைக்கலாம். வாய்மொழிப் பனுவலின் நெகிழ்வு அப்போது கோட்பாடாக மட்டும் நில்லாமல் பட்டறிவாகிறது. குழுவில் இக்கதையைக் குலதெய்வ வரலாறாகக் கொண்டோர் இருப்பின், ஆட்டத்தில் தவிர்க்க வேண்டியவற்றை முன்னரே கேட்டறிவது நடத்துநர் கடன்.

முடிவுரை

வெளியான கதையுலகைத் தகவமைப்பவர் நூலின் காவலரும் அல்லர்; அதனைக் கலைப்பவரும் அல்லர். உடுக்கைப் பாடகர் போல, மாறாத சிலவற்றைப் பற்றிக்கொண்டு ஏனையவற்றை அவையின்முன் புதிதாக ஆக்குபவர். எதைப் பற்றிக்கொள்வது என்பதில் கதையின் அழகோடு, அக்கதையை இன்றும் வாழ்ந்துவரும் மக்களின் மதிப்பும் அடங்கியுள்ளது.