உப்புநீரில் ஒரு நினைவுச் செல்

தருமபுரிப் பக்கம் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு ஃபுளோரைடில் வந்து நிற்கும். பாறையிலிருந்து கரைந்து வரும் அந்த அயனி லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் முதலில் பல் கறைபடும்; அளவு ஏற ஏற எலும்பும் கெடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். தண்ணீரில் கரையும் உப்பெல்லாம் இப்படி மின்னூட்டமுள்ள அயனிகளாகத்தான் பிரிந்து திரிகிறது. அந்த அயனிகளை வைத்தே நினைவுச் செல் செய்து காட்டியிருக்கிறார்கள்.

செய்தவர்களில் ஒருவர் ராதா போயா. பெங்களூரு ஜவஹர்லால் நேரு மேம்பட்ட அறிவியல் ஆராய்ச்சி மையத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். இப்போது மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர். நினைவுச் செல்லாகும் நானோ கால்வாயை அவரது குழுவினர் குடைவதில்லை, அடுக்கி எடுக்கிறார்கள். வழவழப்பான இரண்டு படிகத் தகடுகளுக்கு நடுவே கிராஃபீன் (ஓரணுத் தடிமன் கரித்தாள்) பட்டைகளை இடைவெளி விட்டு வைத்து மூடினால், பட்டைகளுக்கு இடையே சந்து கிடைக்கும். ஈரடுக்கு கிராஃபீன் என்றால் சந்தின் உயரம் 0.68 நானோமீட்டர். நீர் மூலக்கூறு இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று நிற்கத்தான் இடம்.

அதில் உப்புக் கரைசலை நிரப்பி, மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றி இறக்குவார்கள். சாதாரண மின்தடை என்றால் மின்னோட்டம் ஏறிய வழியிலேயே இறங்கும். வரைபடத்தில் ஒரே கோடு. இங்கே ஏறும் கோடு வேறு, இறங்கும் கோடு வேறு. சுழியத்தில் மட்டும் இரண்டும் சந்திக்க, படுக்கவைத்த 8 போல ஒரு கண்ணி விழுகிறது. முன்னால் எவ்வளவு மின்சாரம் போனது என்பது தடையிலேயே பதிந்துவிட்டது என்று அர்த்தம். இப்படியொரு உறுப்பு இருக்க வேண்டும் என்று 1971-இல் கணக்குப் போட்டுச் சொன்ன லியோன் சுவா, அதற்கு மெம்ரிஸ்டர் என்று பெயரும் வைத்தார்.

காரணம் என்ன? பாரிஸில் லிதெரிக் பொக்கே குழுவும் மான்செஸ்டர் குழுவும் 2023-இல் 'சயின்ஸ்' இதழில் இரண்டு வழிகளைக் காட்டின. மிகக் குறுகிய சந்தில் எதிரெதிர் அயனிகள் ஜோடி சேர்ந்து கொத்தாகின்றன. மின்னழுத்தம் அவற்றைப் பிரிக்கிறது. கரிச் சுவர் கொண்ட, சற்று அகலமான சந்தில் அயனிகள் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. போர்வெல் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, கிட்டத்தட்ட அதுபோல. ஆனால் இங்கே மின்னழுத்தத்தைத் திருப்பினால் ஒட்டியது விட்டுவிடும். நினைவு சில நிமிடங்களிலிருந்து மணிக்கணக்கு வரை நின்றது. அடுத்தடுத்துத் தூண்டினால் இணைப்பு வலுப்படும் என்ற மூளையின் பாடத்தையும் அந்தச் சந்து கற்றுக்கொண்டது.

மூளையும் சோடியம், பொட்டாசியம், கால்சியம் அயனிகளை நீரில் ஓட்டித்தான் சுமார் 20 வாட்டில் வேலையை முடிக்கிறது. அதே வழியில் கணக்குப் போட இந்த ஆய்வாளர்களுக்கு ஆசை வந்ததில் வியப்பில்லை. ஆனால் செல்போன் சிப்போடு இதை ஒப்பிட வேண்டாம்: டிரான்சிஸ்டர் நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கில் மாறும், அயனிக்கோ நொடிக்கணக்கில் அவகாசம் வேண்டும். ஒற்றைச் சந்தை வைத்துக் கணக்கும் போட முடியாது. சுவிட்சர்லாந்தின் லொசான் தொழில்நுட்பக் கழகத்தில் 2024-இல் இப்படிப்பட்ட இரண்டு திரவ மெம்ரிஸ்டர்களை இணைத்து ஒரு தருக்கச் சுற்று அமைத்திருக்கிறார்கள்.