புள்ளிக் கோலத்தில் பொன் விகிதம்

எங்கள் கல்பாத்தியில் அக்கிரகாரத்தைக் 'கிராமம்' என்றுதான் சொல்வோம். ஐப்பசிக் கடைசியில் தேர் வரும்போது கிராமம் நெடுக வாசலில் கோலம்தான். இரயில்வேயில் வரைபடங்களோடு காலம் கழித்த எனக்கு அந்த அரிசிமாக் கோடுகளும் வரைபடமாகவே தெரியும். பொன் விகிதத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர அதைவிட நல்ல பலகை இல்லை.

பொன் விகிதம் என்றால் என்ன? ஒரு கோட்டை இரண்டாக வெட்டுங்கள். முழுக் கோட்டுக்கும் பெரிய துண்டுக்கும் உள்ள விகிதமே பெரிய துண்டுக்கும் சிறிய துண்டுக்கும் அமைந்தால் அதுதான் பொன் விகிதம், ஏறக்குறைய 1.618. அந்த அளவில் ஒரு செவ்வகம் வரைந்து அதிலிருந்து ஒரு சதுரத்தை நீக்கினால், மிஞ்சுவதும் அதே வடிவச் செவ்வகம்.

முழு எண்களில் இதை நெருங்க ஒரு வரிசை உண்டு: 1, 2, 3, 5, 8, 13, 21. முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது. 8-ஐ 5-ஆல் வகுத்தால் 1.6, 13-ஐ 8-ஆல் வகுத்தால் 1.625, 21-ஐ 13-ஆல் வகுத்தால் 1.615. இத்தாலியர் பிபனாச்சி 1202-ல் எழுதியதால் இதற்கு அவர் பெயர். ஆனால் சுமார் 1150-லேயே குஜராத்தின் ஹேமசந்திரர் யாப்புக் கணக்கில் இதைச் சொல்லிவிட்டார். நாமே சரிபார்க்கலாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. நான்கு மாத்திரையை ஐந்து விதமாக நிரப்பலாம். ஐந்து மாத்திரையை எட்டு விதமாக.

இனி கோலத்துக்கு வருவோம். வரிசைக்கு 8 புள்ளியாக 8 வரிசை வையுங்கள். நடுவில் 2 × 2 சதுரம். அதைச் சுற்றிக் காற்றாடி இறக்கைபோல 3 × 5 செவ்வகங்கள் நான்கு. 4 + 60 = 64; ஒரு புள்ளி மிஞ்சாது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்து இயற்பியலாளர் எஸ். நாரணன், ஓய்வுக்குப் பின் இம்முறையில் கோலங்கள் அமைத்துக் கட்டுரைகள் எழுதினார். துண்டுகள் சேரும் இடங்களில் இழையைப் பிணைத்து, முழுக் கோலமும் ஒரே இழையாக ஓடச் செய்தார்.

நம் பாட்டிமார் இந்த விகிதம் தெரிந்தே கோலம் போட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. கோயில், கோபுரம் எல்லாம் 1.618 என்று மேடையில் யாராவது முழங்கினால், அளவு நாடாவை வைத்துப் பார்த்த பிறகே கைதட்டுங்கள். ஏ4 தாளின் விகிதம் 1.414, பாதியாக மடித்தாலும் வடிவம் மாறாதிருக்க அதுவே தேவை. நம் தேசியக் கொடி 3-க்கு 2. ஒவ்வொரு அளவுக்கும் அதனதன் வேலை. பக்கம் அமைப்பவர்களுக்குப் பொன் விகிதமும் ஒரு கருவி. ஏ4 தாளின் 21 செ.மீ. அகலத்தை 13, 8 என்று பிரித்துப் பெரியதில் கட்டுரையும் சிறியதில் படமும் வைத்தால் பக்கம் எடுப்பாக இருக்கும்.

அடுக்குமாடி வாசலில் ஒட்டும் கோலத்தோடு நிறுத்திக்கொண்டால் இந்தக் கணக்கு நம் பிள்ளைகள் கைக்கு வராது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டத்தாளைக் கொடுத்து, 13 வரிசைச் சதுரத்தைப் பிரிக்கச் சொல்லுங்கள். நடுவில் 3 × 3, சுற்றிலும் 5 × 8 நான்கு; மொத்தம் 169. விடையை முன்னதாகச் சொல்லிவிடாதீர்கள். இழை போடும் வித்தையை மட்டும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளட்டும்.