மூன்றாவது கிலோமீட்டரில் நிற்கும் வண்டி

பதினான்காயிரம் ரூபாய்க்கு வாங்கிய என் முதல் பைக் வீட்டிலிருந்து சரியாக மூன்று கிலோமீட்டர் ஓடும். பிறகு இருமும், திணறும், நின்றுவிடும். பத்து நிமிடம் ஓரங்கட்டிவிட்டு உதைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். மறுபடியும் மூன்று கிலோமீட்டர்தான். "சத்தமே இல்லை பாருங்க, எஞ்சின் அப்படியே வெண்ணெய்" என்று சொல்லித்தான் விற்றவர் சாவியைக் கொடுத்திருந்தார்.

முதல் முறை நின்றபோது பக்கத்துக் கடையில் புது பிளக் வாங்கி மாட்டினேன். கிளம்பியது. மறுநாள் நின்றபோது கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். அப்போதும் கிளம்பியது. அடுத்தடுத்து ஏர் ஃபில்டர், பெட்ரோல் டியூப், பிளக் கேப் என்று மாற்றிக்கொண்டே போனேன். எதை மாற்றினாலும் வண்டி கிளம்பியது. எதை மாற்றினாலும் மறுநாள் நின்றது.

கடைசியில் தெருமுனைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரைத் தொடவே இல்லை. "ஓட்டு தம்பி, பார்ப்போம்" என்று பின்னால் ஏறி உட்கார்ந்தார். மூன்றாவது கிலோமீட்டரில் வண்டி நின்றது. இறங்கி டேங்க் மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. மூடியைப் போட்டு உதைத்தார். முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது.

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் ஒழுங்காக ஊற்றாது. எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட வேண்டும் என்பது மளிகைக் கடைப் பையனுக்கும் தெரியும். பெட்ரோல் டேங்கிலும் அதே கதைதான். பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்காக மூடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். என் வண்டியில் அந்தத் துளையைச் சேறும் பாலிஷும் அடைத்திருந்தன. உள்ளே வெற்றிடம் உண்டாகி, பெட்ரோலைக் கீழே விடாமல் பிடித்து வைத்திருந்தது. அண்ணன் ஊக்கு முனையால் குத்திவிட்டார். மொத்தச் செலவு இரண்டு டீ.

அப்படியானால் புது பிளக் போட்டதும் ஏன் கிளம்பியது? பிளக் மாற்ற எனக்குப் பத்து நிமிடம் ஆனது. அதற்குள் காற்று மெல்லக் கசிந்து டேங்குக்குள் போய்விட்டது. வண்டியைச் சரிசெய்தது அந்தப் பத்து நிமிடம். பெயரைத் தட்டிக்கொண்டது பிளக். மலிவாகப் பழைய வண்டி வாங்கியவர்கள் பணத்தைத் தொலைப்பது பெரும்பாலும் இப்படித்தான்: கோளாறு எங்கே என்று தெரிவதற்கு முன்பே பாகத்தை மாற்றிவிடுவது.

டீ டம்ளர் அளவு இடம்

தெரிந்துகொள்ள முதலில் எஞ்சினுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100, 1994இல் ஸ்ப்ளெண்டர் என்று வந்த நூறு சிசி நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள்தான் இன்றும் பழைய பைக் சந்தையில் எங்கும் கண்ணில் படுபவை. அவற்றின் சிலிண்டர் விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 49.5 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் 97.2 சிசி வரும்; டீக்கடைக் கண்ணாடி டம்ளரில் பிடிக்கும் அளவு. பிஸ்டன் கீழிறங்கும்போது பெட்ரோல் கலந்த காற்றை இழுக்கிறது. மேலேறும்போது அதை ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது. பிளக் பொறி தட்டுகிறது. எரிந்து விரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அடுத்த ஏற்றத்தில் புகை வெளியேறுகிறது. நிக்கோலாஸ் ஓட்டோ 1876இல் ஓட்டிக் காட்டிய அதே நான்கு அசைவுகள்தான். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் இந்த நான்கும் சேர்ந்து நொடிக்கு ஐம்பது முறை நடந்து முடிகின்றன.

ஆக, எஞ்சின் கேட்பவை மூன்று: சரியான கலவை, சரியான நேரத்தில் பொறி, கசியாத அழுத்தம். கிளம்பாத வண்டியில் இந்த மூன்றில் ஒன்று இல்லை. எது இல்லை என்பதைக் காசு செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம்.

நாலைந்து முறை உதைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறியைச் சந்தேகிக்க வேண்டும். காய்ந்திருந்தால் பெட்ரோலே வந்து சேரவில்லை. டேங்க் மூடி, பெட்ரோல் டேப், கார்புரேட்டர் என்று அது வரும் வழியிலேயே தேடிப் போகலாம். பொறியைப் பார்க்க, பிளக்கைக் கேப்பில் மாட்டி அதன் உலோக உடம்பை எஞ்சின் மேல் படும்படி வைத்து உதைக்க வேண்டும். பளிச்சென்று நீலமாக வந்தால் நல்லது. பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். அதன் அருகில் பொறியைக் காட்டக் கூடாது. அழுத்தத்தைச் சோதிக்க, துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு இன்னொருவரை உதைக்கச் சொல்லுங்கள். விரலை விசையோடு தள்ளிவிட வேண்டும்.

நன்றாக ஓடிய வண்டியின் பிளக்கும் சேதி சொல்லும். முனை இளம் பழுப்பாக இருந்தால் கலவை சரி. கரி படிந்த கறுப்பு என்றால் பெட்ரோல் கூடுதல். வெளுத்துப் போயிருந்தால் காற்று கூடுதல், எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் மேலே ஏறுகிறது.

மயிரிழைத் துளைகள்

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு புது பைக்குகள் பெரும்பாலும் எரிபொருள் பீய்ச்சும் முறைக்கு மாறிவிட்டன. மலிவு விலையில் கிடைக்கும் பழைய வண்டியில் இருப்பதோ கார்புரேட்டர். குறுகலான வழியில் காற்று வேகமாகப் போனால் அங்கே அழுத்தம் குறையும் என்று இத்தாலியர் வெஞ்சுரி விளக்கிய தத்துவத்தில் வேலை செய்யும் கருவி அது. அழுத்தம் குறைந்த இடத்துக்குக் கீழேயுள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோல் பித்தளை ஜெட் வழியாக உறிஞ்சப்படுகிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரியச் சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். இந்தக் கணக்கை மயிரிழை போன்ற சில துளைகள்தான் காப்பாற்றுகின்றன.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகிப் பிசின்போல் படிந்து, முதலில் அடைப்பது ஐட்லிங்குக்கான சிறிய ஜெட்டைத்தான். சோக் போட்டால் கிளம்பும், ஆக்ஸிலேட்டரை விட்டதும் அணைந்துவிடும் என்றால் அங்கே பாருங்கள். சுத்தம் செய்யும் ஸ்பிரேயும் காற்றும் போதும். கம்பியை விட்டுக் குத்தினால் மெல்லிய பித்தளைத் துளை பெரிதாகி, அடைப்புப் போய் மைலேஜும் கூடவே போகும்.

புகை சொல்லும் விலை

மூன்றாவதான அழுத்தம் குறைந்தால்தான் செலவு கையைக் கடிக்கும். பழைய வண்டி பார்க்கப் போகும்போது எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிக் காட்ட விற்பவருக்கு விருப்பமில்லை என்று பொருளாகலாம். கிளம்பியதும் ஒருமுறை நீலப் புகை வந்து நின்றுவிட்டால், இரவெல்லாம் வால்வுத் தண்டு வழியாக ஆயில் கசிந்திருக்கிறது. வால்வு சீல் மாற்றினால் பெரும்பாலும் தீரும். ரேஸ் கொடுக்கும்போதெல்லாம் நீலமாக வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து வண்டி ஆயில் குடிக்கிறது. சிலிண்டரை லேத்தில் கொடுத்துக் கடைந்து, 0.25 அல்லது 0.50 மி.மீ. பெரிய பிஸ்டன் போட வேண்டும். பட்டறைப் பேச்சில் இதற்குப் 'போர் வேலை' என்று பெயர். கறுப்புப் புகைக்குப் பயப்பட வேண்டாம், அது கார்புரேட்டர் சங்கதி. மார்கழிக் காலையில் வரும் மெல்லிய வெள்ளைப் புகை வெறும் நீராவி.

ஆயிலின் அளவையும் கையோடு பாருங்கள். இந்த வண்டிகளில் மொத்தமே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். அதே ஆயிலில்தான் கிளட்ச் தட்டுகளும் முழுகிக் கிடக்கின்றன. வழுக்கல் கூட்டும் பொருள் சேர்த்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்; எஞ்சின் அலறும், வண்டி நகராது. ஆயில் டப்பாவில் 'ஜாஸோ எம்ஏ' என்ற குறி இருக்க வேண்டும்.

நீளும் செயின், கழலும் மரை

"செயின் இழுத்துருச்சு" என்பார்கள். உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள ஊசி தேய்கிறது. நூறு கண்ணியும் தலைக்குப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் செயின் ஒரு சென்டிமீட்டர் நீண்டுவிடும். பின் ஸ்பிராக்கெட்டின் பின்பக்கத்தில் செயினைப் பிடித்து இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் அதன் காலம் முடிந்தது. பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தாலும் அப்படியே. செயினை மட்டும் மாற்றினால் பழைய பல் புது செயினைத் தின்றுவிடும். அதனால்தான் செட்டாகவே மாற்றுகிறார்கள்.

புதிதாகக் கற்பவர் வண்டிக்குச் செய்யும் பெரிய கேடு ஸ்பேனரால்தான். எஞ்சின் உடம்பு அலுமினியம், போல்ட் எஃகு. கை வலுவைக் காட்டி முறுக்கினால் மிருதுவான அலுமினியத்தில் மரை போய்விடும். ஆயில் வடிக்கும் போல்ட்டில் இப்படி மரை கழன்ற வண்டிகள் ஏராளம். முதல் சில சுற்றுகளை விரலாலேயே திருகுங்கள். விரலுக்கு இறுகினால் மரை மாறி ஏறுகிறது என்று அர்த்தம். திரும்பக் கழற்றி நேராக வையுங்கள். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த வண்டிகளின் ஸ்டார் ஸ்குரூ, சாதாரண ஸ்டார் டிரைவருக்கு முழுதாகப் பொருந்தாது. நுனி வழுக்கித் தலை வட்டமாகிவிடும். அதற்கென்று தனி நுனி கிடைக்கிறது. இல்லையென்றால் சுத்தியலால் தட்டினால் திரும்பும் இம்பாக்ட் டிரைவர் இருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியவை வண்டியை நிறுத்துபவையும் திருப்புபவையும். ஓடாத வண்டி வீட்டில்தான் நிற்கும். நிற்காத வண்டி எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் பள்ளத்தில் விழுந்ததுபோல் தங்கினால் கோன் செட் போய்விட்டது. சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் 'லொடக்' என்றால் பேரிங். பிரேக் டிரம்மைத் திறந்தால் உள்ளிருக்கும் தூளை வாயால் ஊதக் கூடாது; பழைய ஷூக்களில் கல்நார் இருந்திருக்கலாம். ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டிகளின் பாகங்கள் தெருத்தெருவாகக் கிடைக்கும். சைடு கவரும் சைலன்சரும் அங்கே வாங்கலாம். பிரேக் ஷூவும் கேபிளும் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

சத்தமில்லாத நோய்

துளை அடைப்பு நீங்கிய பிறகும் என் வண்டியில் ஒரு குறை இருந்தது. காலையில் ஒழுங்காகக் கிளம்பும். நெடுந்தூரம் ஓடிச் சூடான பிறகு அணைத்தால், திரும்பக் கிளப்ப இருபது உதை வேண்டும். இந்த முறை நான் எதையும் வாங்கவில்லை. பிளக்கைக் கழற்றினேன்: நனைந்திருந்தது. பொறி பார்த்தேன்: நீலம். தம்பியை உதைக்கச் சொல்லித் துளையை விரலால் மூடினேன். காலையில் விரலைத் தள்ளிய காற்று, எஞ்சின் சூட்டில் சோம்பலாக வந்தது. மறுநாள் பட்டறைக்குப் போய், "அண்ணே, சூடானா அழுத்தம் குறையுது" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "இப்பதான் மெக்கானிக் மாதிரி பேசுற" என்றார்.

வால்வைத் திறக்கும் கைக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே டேப்பெட் இடைவெளி என்று ஒன்று உண்டு. நூறு சிசி வண்டிகளில் 0.05 முதல் 0.1 மி.மீ. வரை, ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். சூட்டில் உலோகம் நீளும். அதற்கு விட்ட இடம் அது. இடைவெளி கூடினால் 'டிக் டிக்' என்று தட்டும். குறைந்துபோனால் சத்தமே வராது. ஆனால் சூடானதும் வால்வு முழுதாக மூடாமல், எரியும் வாயு அந்தச் சந்து வழியாகப் பாய்ந்து வால்வின் விளிம்பைத் தின்னத் தொடங்கும். விற்றவர் பெருமைப்பட்ட வெண்ணெய் எஞ்சினின் ரகசியம் அதுதான். யாரோ சத்தத்தை அடக்க டேப்பெட்டை இறுக்கி வைத்திருந்தார்கள்.

எஞ்சின் நன்றாக ஆறியதும் ஃபிளைவீல் குறியைப் பொருத்தி, தாள்போன்ற அளவுத் தகட்டை என் கையில் கொடுத்தார் அண்ணன். "லேசா பிடிச்சு பிடிச்சு வரணும், அவ்வளவுதான்." நட்டை இறுக்கி, உதைத்தேன். தலைப்பக்கமிருந்து மெல்லிய டிக் டிக். "சத்தம் வருதே அண்ணே?" என்றேன்.

"வரட்டும்" என்றார்.