கிளட்ச் நழுவுகிறதா? பிளேட் வாங்கும் முன் பாருங்கள்

மண்டிச் சரக்கு ஏற்றி வர நம் வணிகர்கள் பலர் மாருதி ஆம்னி வைத்திருக்கிறார்கள். 2019-இல் உற்பத்தி நின்றாலும் ஓடுகிற வண்டிகள் இன்னும் நிறைய. லோடோடு மேடு ஏறும்போது என்ஜின் சத்தம் மட்டும் கூடி வேகம் கூடாமல், கருகல் வாடையும் அடித்தால் கிளட்ச் நழுவுகிறது என்று பொருள்.

சந்தேகமானால், ஆள் இல்லாத சமதரையில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, டாப் கியரில் லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்துக் கிளட்சை விடுங்கள். என்ஜின் அணைந்துவிட வேண்டும். அணையாமல் ஓடினால் நழுவல் உறுதி. ஒரு முறைக்கு மேல் வேண்டாம், பிளேட் சூடேறும்.

"பிளேட் போச்சு" என்று மெக்கானிக் சொன்னதும் பணத்தை எடுக்காதீர்கள். பெடலைக் கையால் அழுத்துங்கள். சுமார் 2 செ.மீ. லூசாக இறங்கிய பிறகே கனம் தெரிய வேண்டும். பிளேட் தேயத் தேய இந்த லூசு குறையும். அறவே இல்லாமல் போனால், காலை எடுத்த பிறகும் கிளட்ச் முழுதாகப் பிடிக்காது. அடியில் கேபிள் முனையிலுள்ள நட்டைத் தளர்த்தி லூசு வைத்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும். சில நிமிட வேலைதான்.

அதன் பிறகும் நழுவினால் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். கூலியில் பெரும்பகுதி இறக்கி ஏற்றவே போகிறது. ஆகவே பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றுவதே கணக்குக்குச் சரி. இறக்கியதும் நேரில் போய் ஆயில் கசிவு உண்டா என்று பாருங்கள். சீலை மாற்றாமல் விட்டால் புது பிளேட்டும் எண்ணெயில் ஊறிவிடும்.

ஓட்டுகிற பையன் கிளட்ச் மேலேயே கால் வைத்திருக்கிறானா என்பதையும் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள்.