கட்டளை அல்ல, விளக்கம்

ஓட்டிசம் உள்ள பிள்ளை பிறந்தநாள் மண்டபத்தில் காதைப் பொத்திக்கொண்டு கத்தினால் 'வளர்ப்புச் சரியில்லை' என்கிறோம். அங்கு என்ன நடக்கப்போகிறதென்று பிள்ளைக்கு யாராவது சொன்னோமா? அமெரிக்க ஆசிரியை கரோல் கிரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய 'சமூகக் கதை' அதைத்தான் செய்கிறது. என் மகனுக்கு எழுதினேன்: 'விழாவில் பாட்டுச் சத்தமாக இருக்கும். நிறையப் பேர் வருவார்கள். மாமிமார் கன்னத்தைக் கிள்ளக்கூடும். அது அன்பினால். பிடிக்காவிட்டால் நான் கைகூப்பலாம். சத்தம் கூடினால் அம்மாவுடன் வெளியே போகலாம்.'

ஒரு 'செய்யலாம்' வசனத்துக்குக் குறைந்தது இரண்டு விளக்க வசனங்கள். 'செய்யாதே' என்பதே இல்லை. ஒரு கிழமை முன்பிருந்தே வாசித்துக் காட்டினேன், தமிழில்தான். கண்ணைப் பார்த்துப் பேசும்படி வற்புறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ஓட்டிசம் உள்ள பலருக்கு அது வேதனை.

கதையின் பிரதியை மாமிமாருக்கும் கொடுத்தேன். இருவர் கிள்ளுவதை நிறுத்தினர்.